திரையில்லாத யன்னல்

பனி. பனிக்கு மேல் மஞ்சள் வெளிச்சம். தெரு முழுக்க யன்னல்கள், யன்னலுக்கு யன்னல் ஒரு விளக்கு. எதிலும் திரை இல்லை.

நோர்வேயின் வடக்கில், குளிர்காலத்தில் சூரியன் தலையே காட்டாத அந்தச் சின்ன ஊரில், சுகிர்தாவின் யன்னலில் மட்டும் திரை இருந்தது. பூப்போட்ட தடித்த திரை. வந்த புதிதில் அவளே தைத்தது.

இங்கே யாரும் திரை போடுவதில்லை என்று கணவன் நகுலன் சொல்லிக்கொண்டே இருப்பான். அவளுக்கோ அது வெட்கங்கெட்ட வேலை. சாப்பிடுவதையும் தலைவாருவதையும் தெருவுக்கு ஏன் காட்ட வேண்டும்?

திரைக்கு உள்ளே மகள் நிலானி இருந்தாள். சோற்றைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு, விழுங்காமல், வீடு முழுக்க ஓடுகிற வயது.

குழைத்த உருண்டையோடு அம்மா பின்னால் ஓடுவாள். "தோலை உரிச்சுப்போடுவன். ஓடி வா, குஞ்சு." நிலானி விழுந்து விழுந்து சிரிப்பாள். வாயைத் திறப்பாள். அந்த வீட்டில் அதற்கு 'இன்னும் ஒரு வாய்' என்றுதான் அர்த்தம். சுகிர்தாவும் அப்படித் தினமும் உரிக்கப்பட்டு வளர்ந்தவள்தான். தோல் பத்திரமாகத்தான் இருக்கிறது.

ஒருநாள் பாலர் பாடசாலையில் நிலானி சாப்பிட மறுத்தாள். வீட்டில் சாப்பிடாவிட்டால் அம்மா என்ன செய்வார் என்று ஆசிரியை குனிந்து அன்பாகக் கேட்டாள்.

அம்மா என் தோலை உரிப்பார் என்றாள் நிலானி. அந்த ஊர்ப் பாஷையில், சொல்லுக்குச் சொல் சரியாக. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அந்தப் பாஷையில் அந்தச் சொல்லுக்குள் சோறு இல்லை. கத்தி இருந்தது.

பனி பெய்தது.

இங்கர் வந்தாள். பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசாங்க அலுவலகத்திலிருந்து. ஆசிரியை சொல்லியிருக்க வேண்டும். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறையோடு சத்தமில்லாமல் வீட்டுக்குள் நடந்தாள்.

அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் சுகிர்தாவும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். கனிவாகப் பேசுகிறவளிடம் எப்படிக் கத்துவது?

அது சும்மா சொல்கிற பேச்சு என்று நகுலன் விளக்கினான். இங்கர் தலையாட்டினாள். அவள் பார்வை திரையில் போய் நின்றது. பகலிலும் மூடித்தான் இருக்குமா என்று கேட்டாள்.

மறுபடி வருவேன் என்றாள். எப்போது என்று சொல்லவில்லை. தேவைப்பட்டால் நிலானி கொஞ்சக் காலம் வேறு வீட்டில் இருக்கலாம் என்றாள். வேறு வீடு, வேறு அம்மா. அதையும் கனிவாகத்தான் சொன்னாள்.

"இஞ்சேரும், அவையின்ர நாட்டுக்கு வந்தாச்சு. இனி அவை மாதிரித்தான் இருக்கவேணும்," என்றான் நகுலன்.

"உடுப்பை மாத்தினன். சாப்பாட்டை மாத்தினன். வாயில தானா வாறதை எப்பிடியப்பா மாத்திறது?"

"பிள்ளை எங்களுக்கு வேணுமெண்டா மாத்தும்."

அன்றே திரையைக் கழற்றினாள். யன்னலில் ஒரு விளக்கு வைத்தாள்.

வாயையும் மாற்றினாள். உருண்டை போய்க் கரண்டி வந்தது. ஓடிப் பிடிப்பது நின்றது. ஒவ்வொரு சொல்லையும் அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பொறுக்கினாள். பொறுக்கிப் பொறுக்கி, கடைசியில் பேசுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

தெருவில் போனவர்கள் உள்ளே பார்த்தார்கள். விளக்கு, மேசை, அமைதியான ஒரு தாய். நல்ல வீடு என்று நினைத்திருப்பார்கள்.

பனி பெய்தது.

"அம்மா, என்னோட கோவமோ?"

"இல்லைப் பிள்ளை."

"அப்ப ஏன் ஏசுறேல்லை?"

சுகிர்தாவுக்கு அழவும் பயமாக இருந்தது. அழுதால் வெளியே தெரியும்.

அன்று பின்னேரம், மத்தியானத்தின் மங்கல் வெளிச்சமும் போய்விட்டிருந்தது. நிலானி கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினாள். யன்னலடியில் நின்று திரும்பிப் பார்த்தாள். அம்மா துரத்தி வரவில்லை.

அம்மாவின் பங்கையும் அவளே எடுத்துக்கொண்டாள். இடுப்பில் கை வைத்து, அம்மாவைப் போலவே கத்தினாள். "தோலை உரிச்சுப்போடுவன்!"

அம்மா அசையவில்லை. அம்மாவுக்குத் தமிழ் மறந்துபோயிற்று என்று நினைத்தாளோ என்னவோ, அந்த ஊர்ப் பாஷையில் இன்னொரு முறை கத்தினாள். தெருவுக்கே கேட்டிருக்கும்.

சுகிர்தா பாய்ந்தாள். ஒரு கையால் பிள்ளையின் தலையைப் பிடித்து, மறு கையால் வாயைப் பொத்தினாள். இறுக்கமாக. "கத்தாதை. உன்னைக் கொண்டுபோயிடுவினம்."

நிலானி சிரிக்கவில்லை. கண்கள் விரிந்தன. அம்மாவைப் பார்த்து அவள் பயந்தது அதுதான் முதல்முறை.

சுகிர்தா தலையை நிமிர்த்தினாள்.

வெளியே பனி. பனிக்கு மேல் மஞ்சள் வெளிச்சம். அவள் ஏற்றி வைத்த விளக்கின் வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்குள் இங்கர் நின்றுகொண்டிருந்தாள். யன்னலை ஒட்டிய வாசலின் அழைப்புமணிக்கு நீட்டிய கை அப்படியே நின்றிருந்தது.

சுகிர்தாவின் கை தானாகத் திரையைத் தேடிப் போயிற்று. அங்கே திரை இல்லை.