ஆனாலும் தொடரவா?

எங்கள் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் ரீஸ்டார்ட் சார். பிரிண்டர் ஓடவில்லையா, ரீஸ்டார்ட். பாஸ்வேர்டு மறந்துவிட்டதா, ரீஸ்டார்ட். பாதி நேரம் அது வேலையும் செய்துவிடும், அதுதான் வயிற்றெரிச்சல். மீதிப் பாதியைச் சரிசெய்ய நான் இருக்கிறேன். நல்ல பெயர் அவருக்கு, நாய் படாத பாடு எனக்கு.

அந்த வாரம் என் அக்கா மேல் மாடி வார்டில் படுத்திருந்தாள். மொத்தச் சந்தையில் காய்கறி ஏலம் கூவுகிறவள். அவள் விலை சொன்னால் கடைசி வரிசையில் மூட்டை தூக்குகிறவன்கூடத் திரும்பிப் பார்ப்பான். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் மிஞ்சும் என்றார் டாக்டர். எடுத்துவிட்டார்கள். இனி அவள் வாயிலிருந்து சத்தம் வராது.

ஆபரேஷனுக்கு முன்பே, பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் அக்காவைச் சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து, நாள்கணக்கில் வாக்கியங்களைப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்திருந்தாள். அந்தப் பதிவுகளை ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினால், அக்கா போனில் தட்டுவதை அவள் குரலிலேயே பேசும்படி செய்து தருவார்கள். பதிவுகள் எங்கள் சர்வரில், அதற்கென்றே பொருத்திய ஒரு டிஸ்க்கில் இருந்தன. போனால் போனதுதான். மறுபடி படித்துக் காட்ட அவளிடம் தொண்டை இல்லை.

அன்று காலை அக்காவின் கழுத்துக் காயத்தைத் துடைத்துக் கட்டு மாற்றும்போது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். வலித்தால் ஊரைக் கூட்டுகிறவள், என் கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துக் கீழே சர்வர் மெதுவாக ஓடுகிறது என்று யாரோ சொல்ல, ரீஸ்டார்ட் சார் தன் கைவரிசையைக் காட்டிவிட்டார்.

அந்த டிஸ்க்கை முதலில் சர்வரோடு இணைத்தவரும் அவர்தான். சர்வர் அணைந்து எழுந்தால் டிஸ்க் தானாக இணைந்துகொள்ள ஒரு ஃபைலில் ஒரே ஒரு வரி எழுத வேண்டும். எழுதவில்லை. என்னையும் எழுத விடவில்லை. கேட்டபோதெல்லாம், "ஓடற வண்டியில எதுக்கும்மா கை வைக்கிற" என்பார். இப்போது சர்வர் எழுந்தது, டிஸ்க் இணையவில்லை. உள்ளே எல்லாம் பத்திரமாகத்தான் இருந்தது, ஆனால் பதிவுகள் இருக்க வேண்டிய ஃபோல்டர் காலியாகத் தெரிந்தது.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. மதியம் பேக்கப் ஓடியது. அதுவும் அவர் எங்கிருந்தோ காப்பியடித்துப் போட்டதுதான். மூலத்தில் இருப்பது நகலிலும் இருக்க வேண்டும், மூலத்தில் இல்லாததை நகலிலும் அழித்துவிட வேண்டும் என்பது அதற்கு இட்ட கட்டளை. மூலம் காலி என்று அதற்குத் தெரிந்தது. சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளையாக நகலையும் துடைத்து வைத்துவிட்டது.

பயிற்சிப் பெண் எனக்குப் போன் செய்தாள். "மேடம், அக்காவோட பதிவுகளை இன்னிக்கு அனுப்பலாம்னு பார்த்தேன். ஃபோல்டர்ல ஒண்ணுமே இல்ல. சார்கிட்ட சொன்னேன். அவரே சரி பண்றேன்னு உட்கார்ந்துட்டாரு."

ஃபோல்டர் காலி என்றபோது எனக்குப் பயம் வரவில்லை. அவர் உட்கார்ந்துவிட்டார் என்றபோதுதான் வந்தது. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் ஓடினேன்.

சர்வர் அறையில், நாற்காலியில் சாய்ந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனில் எதையோ பார்த்துப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா. பதட்டப்படாதம்மா. இங்க ஒரு டிஸ்க் எதுலயும் இணையாம சும்மா கிடக்கு. இத ஃபார்மேட் பண்ணி, சுத்தமா துடைச்சுட்டு, பேக்கப்ல இருக்கறத எடுத்து இதுல போட்டுட்டா முடிஞ்சுது. நெட்ல ஒருத்தன் அழகா போட்டிருக்கான்."

சும்மா கிடக்கிற டிஸ்க். என் அக்கா சும்மா கிடந்தாள் அதில். அவர் எடுத்துப் போடப்போகும் பேக்கப்பில் ஒரு துரும்பும் இல்லை.

திரையைப் பார்த்தேன். இந்த டிஸ்க்கில் ஏற்கெனவே ஃபைல்கள் வைக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது, அதன் பெயர் 'குரல்', ஆனாலும் தொடரவா என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தது. ஆம் என்பதற்குச் சின்ன எழுத்து, வேண்டாம் என்பதற்குப் பெரிய எழுத்து; எதுவும் தட்டாவிட்டால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்ளும். அந்த இயந்திரமே 'வேண்டாமய்யா' என்று கெஞ்சியது. அவர் ஆம் என்பதைத் தட்டி முடித்திருந்தார். என்டர் மட்டும்தான் பாக்கி, அதன் மேல் விரல் இருந்தது.

"சார், கைய எடுங்க."

"இரும்மா. இது எப்பவும் இப்படித்தான் கேக்கும். ஆமான்னு சொன்னா..."

அவர் மணிக்கட்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தினேன். கேள்வி மறைந்தது. அவர் கையை உதறிக்கொண்டு எழுந்தார். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்து, டிஸ்க்கை இணைக்கிற அந்த ஒற்றை வரிக் கட்டளையைக் கொடுத்தேன். ஃபோல்டரைத் திறந்தேன். பதிவுகள் சரசரவென்று இறங்கி வந்தன. முதலாவதைத் திறந்ததும், "என்ன பொண்ணே, ஆரம்பிக்கலாமா, எனக்குச் சந்தைக்கு நேரமாகுது" என்றாள் அக்கா. எனக்குக் கண்ணீர் வந்தது, கோபத்தில்தான் வந்தது. எல்லாவற்றையும் வேறு இரண்டு இடங்களில் நகல் எடுத்து வைத்த பிறகுதான் எழுந்தேன்.

"பேக்கப்பையும் பார்த்துட்டேன், காலி சார். நீங்க என்டர் தட்டியிருந்தா எங்கயும் எதுவும் இருந்திருக்காது."

"அதான் ஒண்ணும் ஆகலையே," என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்கு அவரை என்ன செய்திருந்தாலும் தகும். நான் எதுவும் செய்யவில்லை. செய்தவர் அவர். மேலதிகாரி மேல் கை வைத்தாள் என்று என் மேல் புகார் கொடுத்தார். சர்வரில் ஏற்பட்ட சிறு தடங்கல் பிரிவுத் தலைவரின் மேற்பார்வையில் சீராக்கப்பட்டது என்று எல்லாத் துறைகளுக்கும் தகவல் அனுப்பினார். நிர்வாகத்தில் என்னைக் கூப்பிட்டு, "ஒரு மன்னிப்பு எழுதிக் குடுத்துடுங்க, விஷயம் முடிஞ்சிடும்" என்றார்கள். வேலை போனாலும் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

குரல் தயாராகி வந்த அன்று, பயிற்சி அறையில் அக்காவின் போனில் அதைப் போட்டுக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி இதழுக்குப் படம் எடுக்க போட்டோகிராபர் வந்திருந்தார். பின்னாலேயே இஸ்திரி போட்ட சட்டையில் ரீஸ்டார்ட் சார். அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"உங்க தங்கச்சி நல்லா வேலை செய்வாங்கம்மா. கொஞ்சம் கோபம்தான் ஜாஸ்தி," என்று சிரித்தார். "எங்க, எங்க எல்லாருக்கும் ஒரு நன்றி சொல்லுங்க பார்ப்போம். அப்படியே படம் எடுத்துக்கட்டும்."

நடந்தது எல்லாம் அக்காவுக்குத் தெரியும். தலையை ஆட்டிவிட்டுத் தட்ட ஆரம்பித்தாள். ஏலத்தில் மூச்சுவிடாமல் பேசுகிறவள், போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தான் தட்டினாள். அவர் போட்டோவுக்குச் சிரித்தபடி காத்திருந்தார்.

போன் பேசியது. அச்சு அசல் அவள் குரல், வேகம்தான் இல்லை.

"அவ கோபப்படலைன்னா, உங்களத் திட்டறதுக்கு எனக்குக் குரலே இருந்திருக்காது சார்."

சிரிப்பு அவர் முகத்திலிருந்து இறங்கியது. வாசலைப் பார்த்தார். அக்கா அவர் சட்டைக் கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் அடுத்த வாக்கியத்தைத் தட்ட ஆரம்பித்தாள். அவள் திட்டி முடிக்க வெகுநேரம் ஆனது.