பொன்னாடை வேண்டாம், வேலை கொடுங்கள்

நம் ஆட்களுக்கு ஒருவரை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை என்றால், உடனே ஒரு பொன்னாடையைப் போர்த்திவிடுவார்கள். மாலை போட்டு, மைக்கில் நாலு வார்த்தை புகழ்ந்து, முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. அதற்குப் பிறகு அந்த மனிதர் வாயைத் திறக்க முடியாது. திறந்தால் மரியாதை தெரியாதவர் ஆகிவிடுவார்.

1994 ஜூன் மாதம், கிள்ளான் வான்நோக்கர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் குணேஸ்வரிக்கு இதுதான் நடந்தது. அவளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கோலாலம்பூரில் ஓர் அரசாங்க இலாகாவில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை, வீடு பிரிக்பீல்ட்ஸில். சங்கத்தில் சேர்ந்து ஒரு வருடமாகியிருந்தது. ஜூலையில் ஒரு வால்மீன் துண்டு துண்டாக உடைந்து வியாழன் கிரகத்தில் மோதப்போகிறது என்று உலகமே பேசிக்கொண்டிருந்தது. அந்த வாரத்தில் வியாழனைக் கண்காணிக்கத் தனக்கும் ஒரு நாள் டியூட்டி வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். சங்கம் அவளுக்கு ஜரிகை வைத்த நைலான் பொன்னாடையும் ‘கௌரவ உறுப்பினர்’ என்ற பட்டமும் கொடுத்தது.

“கண் இல்லாவிட்டாலும் வானத்தை நேசிக்கும் நம் சகோதரி…” என்று செயலாளர் விநாயகமூர்த்தி உருக்கமாகப் பேசினார். கூட்டம் கை தட்டியது. கிள்ளான் புழுக்கத்தில் நைலான் கழுத்தை அரித்தது. குணேஸ்வரி நெகிழ்ந்துபோயிருப்பாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

“சிரி லா, போட்டோ எடுக்குறாங்க,” என்று பக்கத்தில் இருந்த நசீமா கிசுகிசுத்தாள். நசீமா அதே இலாகாவில் டைப்பிஸ்ட். குணேஸ்வரியைச் சங்கத்துக்கு இழுத்து வந்தவளே அவள்தான். அவளுடைய அண்ணன் கௌஸின் ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில்தான் சங்கம் இருந்தது.

“இந்தத் துணிய உங்க அண்ணன் கடையிலதான் வாங்கினாங்களா?”

“ஆமா. டிஸ்கவுண்ட் கூட கேட்டாங்க.”

விநாயகமூர்த்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்து வம்சம், நில அளவை இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓர் அங்குலம் பிசகினால் ஊர் பற்றி எரியும் என்று நினைக்கிற ஆள். சங்கத்தில் யாராவது வியாழனைப் படம் வரைந்துவிட்டு நேரம் குறிக்க மறந்தால், எல்லார் முன்னாலும் நார் நாராகக் கிழித்துவிடுவார். தலை நரைத்த பக்கிரிசாமியே அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். ஆனால் குணேஸ்வரி வந்தால் மட்டும் குரல் சர்க்கரைப் பாகாகிவிடும். ‘வாங்கோ பிள்ளை, இருங்கோ பிள்ளை, கவனம் பிள்ளை.’ அந்தப் பாகைக் கேட்டாலே அவளுக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போல இருக்கும். மற்றவர்களைத் திட்டுகிறாரே, அந்தக் குரலில் ஒரு தடவை தன்னோடு பேசமாட்டாரா என்று அவள் ஏங்கியது உண்மை. ஏங்குவதற்கு உலகத்தில் வேறு எதுவும் கிடைக்கவில்லையா என்று நசீமா கேலி செய்வாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் குணேஸ்வரி அவருக்கு டெலிபோன் செய்தாள்.

“அங்கிள், பொன்னாடைக்கு நன்றி. டியூட்டி என்னாச்சு?”

“அதுதான் முன்வரிசையில உங்களுக்கு நாற்காலி போடச் சொல்லியிருக்கேனே, பிள்ளை. பக்கத்துல ஒருத்தர் இருந்து நடக்கிறதையெல்லாம் சொல்லுவார்.”

“எனக்கு யாரும் கதை சொல்ல வேணாம் அங்கிள். வேலை வேணும்.”

“நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. டியூட்டியில இருக்கிறவங்க தொலைநோக்கியில பாத்து, வட்டத்துக்குள்ள கிரகத்தை வரைஞ்சு குடுக்கணும். நீங்க எப்படி…”

“வியாழன் சத்தம் போடும் அங்கிள்.”

குணேஸ்வரி விடவில்லை. வியாழன் அவ்வப்போது ரேடியோ அலைகளை வீசும். நல்ல சிற்றலை ரேடியோவில் அதைக் கேட்கலாம் என்று பிரெய்ல் அறிவியல் இதழ் ஒன்றில் படித்திருந்தாள். படித்ததோடு நிற்காமல், துணிக்கொடிக்குப் பக்கத்தில் செம்புக் கம்பியைக் கட்டி, மாதக்கணக்கில் காது வைத்துக் காத்திருந்து, சில தடவை கேட்டும் இருந்தாள். மோரிப் கடற்கரையில் அலை அடித்துத் திரும்புகிற மாதிரி ஓர் இரைச்சல். முதல் தடவை அதைக் கேட்டபோது அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அத்தனை தூரத்தில் இருக்கிற ஒரு கிரகம், யாருடைய வர்ணனையும் இல்லாமல், நேரே அவளிடம் வந்திருந்தது.

“நாங்க யாரும் அப்படிக் கேட்டதில்லையே, பிள்ளை,” என்றார் விநாயகமூர்த்தி இழுத்தபடி.

“சரி, ஜூலை பத்தொன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை ஒரு பெரிய துண்டு விழுது. நம்ம நேரத்துக்குச் சாயங்காலம் ஆறரை மணி வாக்குல. அன்னிக்கு யாரு டியூட்டி?”

“பேருக்குப் பக்கிரிசாமி. ஆனா வெயில் இறங்கியிருக்காது. தொலைநோக்கியில ஒண்ணும் தேறாது.”

“வெயில் என் ரேடியோவை என்ன செய்யும் அங்கிள்?”

மனிதர் நில அளவைக்காரர். ஒரு நேரம் காலியாகக் கிடக்கிறது என்பதை அவரால் தாங்க முடியவில்லை. பெருமூச்சு விட்டார்.

“போடுறேன். ஆனா ஒண்ணு சொல்லுறேன், மனசுல வைக்காதீங்கோ. கமிட்டியில இதை விளையாட்டுன்னுதான் சொல்லுவாங்க. இந்தத் தடவை ஒண்ணும் கிடைக்கலைன்னா, அடுத்த தடவை உங்களுக்காக என்னால பேச முடியாது.”

அதற்குப் பிறகு நசீமாவும் குணேஸ்வரியும் சனிக்கிழமைகளைச் சங்கத்து மொட்டை மாடியிலேயே கழித்தார்கள். மாடிக்குப் போக ஒரு செங்குத்தான இரும்பு ஏணிதான் வழி. அவள் கீழேயே இருக்கட்டும், வயரை நீட்டிக்கொள்ளலாம் என்று கமிட்டி யோசனை சொன்னது. கௌஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏணிக்குப் பக்கத்தில் ஒரு குழாயைக் கைப்பிடியாகப் பொருத்திக் கொடுத்தார். அடுத்த வாரத்திலிருந்து முட்டிவலிக்காரரான விநாயகமூர்த்தியும் அந்தக் குழாயைப் பிடித்துத்தான் ஏறினார். அதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை.

இரண்டு மூங்கில் கழிகளுக்கு நடுவில் கம்பியைக் கட்டியாயிற்று. அதோடு நசீமாவிடம் ஒரு சின்ன டிரான்சிஸ்டரையும் கொடுத்தாள் குணேஸ்வரி. “இத மத்திய அலையில வெச்சுக்க. இடி மின்னல் வந்தா ரெண்டு ரேடியோவும் கத்தும். வியாழன் சத்தம் உன் ரேடியோவுக்கு வரவே வராது. என்னோடதுல மட்டும்தான் வரும். அதான் வித்தியாசம். புரிஞ்சுதா?”

“புரிஞ்சுச்சு லா. நான் என்ன கமிட்டியா?”

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டு இருவரும் கிள்ளான் பஸ் ஏறினார்கள். மாடிக்குப் போனால் அங்கே திருவிழாக் கூட்டம். எப்படியோ செய்தி பரவியிருந்தது. தமிழ்ப் பத்திரிகை நிருபர் ஒருவர் கேமராவோடு நின்றார். பக்கிரிசாமி தொலைநோக்கியைப் போர்வைக்குள்ளேயே விட்டுவிட்டு, கோயில் மைக்செட்காரரிடம் இரவல் வாங்கிய ஸ்பீக்கரை ரேடியோவில் மாட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் கேட்கவேண்டுமாம்.

தெற்கே தெலுக் பங்லிமா காராங் ஊர்ப் பக்கம் மேகம் கறுத்திருக்கிறது என்று நசீமா சொன்னாள். குணேஸ்வரி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு டேப் ரெக்கார்டரை ஓடவிட்டாள். நசீமா அவ்வப்போது கைக்கடிகாரத்தைப் பார்த்து, டேப்பில் பதியும்படி நேரத்தை உரக்கச் சொன்னாள். ஆறரை நெருங்கியது. கூட்டம் ஸ்பீக்கரைச் சூழ்ந்துகொண்டது.

அப்போது ஸ்பீக்கரில் சர்ர்ரென்று ஓர் இரைச்சல் எழுந்து, உயர்ந்து, அடங்கியது. மறுபடி ஒன்று. மாடியே அதிரக் கை தட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். விநாயகமூர்த்தி அவள் தலையில் கை வைத்து, “சாதிச்சிட்டீங்க பிள்ளை, சாதிச்சிட்டீங்க,” என்றார்.

குணேஸ்வரிக்கு ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், அது வியாழனாகவே இருந்துவிடக்கூடாதா என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் கேட்டிருந்த அந்த அலைச் சத்தத்துக்கு இது ஏறக்குறைய கிட்டத்தில் வந்தது. சரி என்று தலையாட்டினால் போதும். இந்தச் சங்கத்தில் அவளுக்கு ஆயுசுக்கும் இடம் உண்டு. இல்லை என்றால் இதுவே கடைசி. அதை அந்த மனிதரே முன்கூட்டிச் சொல்லிவிட்டார்.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். “நசீமா, உன் ரேடியோ?”

நசீமா டிரான்சிஸ்டரின் குமிழைத் திருகிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தோழியின் மேல் உயிர்.

“சொல்லுடி.”

“அதுவும் கத்துச்சு,” என்றாள் நசீமா, மெதுவாக. “ரெண்டு தடவையும்.”

“அங்கிள், இது வியாழன் இல்ல. இடி.”

கைதட்டல் ஒவ்வொரு பக்கமாக நின்றது. விநாயகமூர்த்தி குனிந்து அவள் காதருகே பேசினார். “யாருக்குத் தெரியப்போகுது பிள்ளை? நேரமும் சரியாத்தானே இருக்கு. பத்திரிகைக்காரரும் வந்திருக்கார்.”

“எனக்குத் தெரியுமே அங்கிள்.”

நிருபர் நல்ல மனுஷன். “அக்கா, ஏதோ கேட்ட மாதிரி இருந்துச்சுன்னு போட்டுக்கலாமா?” என்று கெஞ்சினார்.

“இடி கேட்டுச்சுன்னு போடுங்கண்ணே.”

அவர் கேமராவை மூடினார். அவள் மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சொன்ன நேரம் முடியும்வரை கேட்டாள். இடியைத் தவிர வேறு ஒன்றும் வரவில்லை. அதற்குள் கூட்டம் ஏணியில் இறங்கிப் போயிருந்தது. கீழே கடைக்கு வடை தின்னப் போயிருக்கும்.

“பரவாயில்லை பிள்ளை,” என்றார் விநாயகமூர்த்தி, அதே பாகுக் குரலில். “முயற்சி பண்ணினீங்களே, அதுவே பெரிசு.”

அந்த வார்த்தைதான் அவளைக் குத்தியது. இடி கூட அவளை அப்படி ஏமாற்றவில்லை. அழுகையை விழுங்கிக்கொண்டு கீழே இறங்கி, சங்கத்து அறையில் இருந்த டைப்ரைட்டரில் காகிதத்தைச் செருகி, தடதடவென்று ஒரே ஒரு வரி அடித்து, பின்னாலேயே வந்த அவர் கையில் கொடுத்தாள். போய்விடலாம், இனி இந்தப் பக்கம் வரவே வேண்டாம் என்று முடிவே செய்துவிட்டாள்.

விநாயகமூர்த்தி கண்ணாடியை மாட்டி அதைப் படித்தார். காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பிறகு வெடித்தார்.

“என்ன இது? ‘வியாழனிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை.’ இவ்வளவுதானா? எப்ப ஆரம்பிச்சே, எப்ப முடிச்சே? எந்த அலைவரிசை? கம்பி எந்தத் திசை பாத்துக் கிடந்துச்சு? இடி எந்தெந்த நேரத்துல வந்துச்சு, இடி இல்லாத நேரம் எவ்வளவு? அந்த இடி இல்லாத நேரத்துல நீ கேட்டுக்கிட்டு இருந்து, ஒண்ணும் வரலைன்னாத்தான் அது ஒரு தகவல்! இது என்ன, பால்காரனுக்கு எழுதி வைக்கிற சீட்டா? மூணு வாரமா ஏணிக்குக் குழாய் கட்டி, கம்பி கட்டி, ஊரைக் கூட்டி, கடைசியில இப்படி அரைகுறையாவா எழுதிக் குடுக்கிறது?”

“அங்கிள், அவ மனசு கஷ்டத்துல…” என்று நசீமா குறுக்கே பாய்ந்தாள்.

“நீ சும்மா இரு நசீமா,” என்றாள் குணேஸ்வரி. “அங்கிள் சொல்றது சரிதான்.”

சரியாகவும்தான் இருந்தது. டேப்பில் எல்லாம் இருந்தும் கோபத்தில் ஒரு வரியோடு விட்டது அவளுடைய தப்பு. அவளுக்கு வெட்கத்தில் காது சுட்டது. கூடவே, உள்ளே எங்கேயோ ஒரு மகிழ்ச்சி கிளம்பிவிட்டது; அதை அடக்கத் தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“நாளைக்குள்ள திருப்பி எழுதிக் கொண்டு வா. இல்லைன்னா அடுத்த மாசத்துக்கு உன் பேரைப் போடமாட்டேன்!”

“அடுத்த மாசம் டியூட்டி இருக்கா அங்கிள்?”

“இருக்காம? வியாழன் எங்க ஓடிப்போகப் போகுது?” என்று சொல்லிவிட்டு அவர் குழாயைப் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறினார். மேலே ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டிருந்த பக்கிரிசாமிக்கும் அன்று பங்கு கிடைத்தது.

திரும்பும் பஸ்ஸில் நசீமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். “வயசான மனுஷன்னு பாத்தேன், இல்லைன்னா நல்லா கேட்டிருப்பேன். நீ என்னடான்னா சிரிக்கிறே.”

“டேப்ப பத்திரமா வெச்சிருக்கியா?” என்றாள் குணேஸ்வரி.

அன்றிரவு அவள் டேப்பை முழுதும் ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டி, ஒவ்வோர் இடியையும் அதன் நேரத்தோடு எழுதினாள். அறிக்கை மூன்று பக்கம் வந்தது. விநாயகமூர்த்தி அதிலும் இரண்டு பிழை கண்டுபிடித்தார். அவள் திருத்திக் கொடுத்தாள். அந்த வாரத்தின் மற்ற நாள்களில் தொலைநோக்கிக்காரர்கள் வியாழனின் முகத்தில் விழுந்திருந்த கரும்புள்ளிகளைப் பார்த்துப் பார்த்து வரைந்து தள்ளினார்கள்.

மாதக் கடைசியில் ஒரு நாள் காலையில் அவளுடைய ஆபீசுக்கு டெலிபோன் வந்தது.

“சங்கத்து அறிக்கை இன்னிக்கு வெளிநாட்டு வானியல் சங்கத்துக்குப் போகுது,” என்றார் விநாயகமூர்த்தி. “எல்லாருக்கும் படிச்சுக் காட்டிட்டேன், நீ ஒருத்திதான் பாக்கி. உன் பகுதியைப் படிக்கிறேன், பிழை இருந்தா இப்பவே சொல்லு. ஜூலை பத்தொன்பது, கிள்ளான். தொலைநோக்கி: பகல் வெளிச்சம், ஒன்றும் தெரியவில்லை. கண்காணித்தவர், பக்கிரிசாமி. ரேடியோ: இடையிடையே இடி, இடி இல்லாத நேரத்திலும் வியாழனிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. கண்காணித்தவர், குணேஸ்வரி. விவரம் பின்னிணைப்பில். சரியா?”

“அங்கிள், அந்த ரேடியோ வரிய மட்டும் இன்னொரு தடவ படிங்க.”

“ஏன், அதிலயும் பிழையா?”

“இல்ல அங்கிள். சும்மா படிங்க லா.”

அவர் அலுத்துக்கொண்டே படித்தார். சுவிட்ச்போர்டில் மற்ற லைன்கள் எல்லாம் அடித்துக்கொண்டிருந்தன. குணேஸ்வரி எதையும் எடுக்கவில்லை.