பாரசீகப் பேரரசரின் அண்ணி

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு மேசைமேல் கிரேக்கப் பொம்மைப் படையும் பாரசீகப் பொம்மைப் படையும் எதிரெதிரே அணிவகுத்து நின்றபோது போன் அடித்தது. ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் லிப்ட் நடுவழியில் நின்றுவிட்டதாம், உள்ளே மூன்று பேராம். கிரேக்கத் தளபதிக்கு லிப்ட் மெக்கானிக் வேலை. கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"அப்போ தோத்துட்டதா வெச்சுக்கலாமா அண்ணா?" என்றார் பாரசீகப் பேரரசர். அவர் மெக்கானிக்கின் தம்பி, பள்ளியில் கணக்கு வாத்தியார். பதினோரு வாரமாகத் தோற்காதவர். அதைத் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தவர்.

"எதுக்கு தம்பி? நான் ஆடுறேன்," என்று தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தாள் மெக்கானிக்கின் மனைவி.

வாத்தியார் சிரித்த சிரிப்பில் மேசை குலுங்கி வில்லாளி ஒருவன் குப்புற விழுந்தான்.

பதினோரு வாரமும் பக்கத்து அறையில் துணி தைத்தபடி அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எதிரிமேல் பாய்வதற்கு முன் தூரத்தை வாயால் சொல்ல வேண்டும், பிறகுதான் அளக்கலாம். அரை அங்குலத்துக்கு மேல் தப்பினால் படை பாதி வழியில் மூச்சிரைத்து நிற்கும், எதிரி முதல் வெட்டு வெட்டுவான். வெட்டு பலிப்பது பகடையின் கையில். மன்னன் விழுந்தால் ஆட்டமே முடிந்தது. தூரம் சொல்லும் விதியைக் கொண்டுவந்ததே வாத்தியார்தான்.

"இந்த ஈட்டிக்காரங்க போகட்டும். ஒரு... பத்து அங்குலம் இருக்குமா?"

"ஏழு அண்ணி, ஏழு!" வாத்தியாருக்கு வாயெல்லாம் பல். நான்கு கிரேக்கர்கள் மாண்டார்கள்.

"ஐயோ பாவம்," என்றாள் அவள், இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்ற முகத்தோடு. "ஆமா, குன்றுமேல ரதத்துல நிக்கிறவரு யாரு?"

"மன்னர். அதாவது நான்."

"அப்புறம் ஏன் எல்லாருக்கும் பின்னாடி ஒளிஞ்சிருக்கீங்க?"

வாத்தியாரின் காது சிவந்தது. ரதம் குன்றிலிருந்து இறங்கி முன்வரிசைக்கு வந்தது.

"ஆறே முக்கால்," என்றாள் அவள்.

அளந்தார். ஆறே முக்கால்தான். பாரசீகரின் இடப்பக்கக் குதிரைப்படை சிதறியது.

"குருட்டு அதிர்ஷ்டம்," என்று முனகினார்.

"ஒம்பதே கால்."

நூல் பிசகவில்லை. வில்லாளிகள் ஓடினார்கள். அப்போதுதான் அவள் கழுத்தில் தொங்கிய டேப் வாத்தியாரின் கண்ணில் பட்டது. "அண்ணி, அதைக் கழட்டி வெச்சுட்டு ஆடுங்க. திருட்டுத்தனமா அளக்கிறீங்க!"

அவள் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தாள். "நீங்களே வெச்சுக்கோங்க. உங்க பேன்ட்டுக்கு என்னிக்காவது டேப் வெச்சு அளந்திருக்கேனா? வாசல்ல நடந்து வரும்போதே பாத்துக்குவேன். போன மாசத்துக்கு இப்ப இடுப்பு ஒண்ணரை அங்குலம் கூடியிருக்கு."

வாத்தியார் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"மூச்சை விடுங்க தம்பி. உங்க மன்னர்மேல பாயப்போறேன். பதினொண்ணரை."

அவர் மூன்று தடவை அளந்தார். மேசைத் துணியை இழுத்துவிட்டு நான்காவது தடவையும் அளந்தார். பதினொன்றரை. பகடையும் ஐந்து, ஆறு என்று விழ, பேரரசர் ரதத்தோடு கவிழ்ந்தார்.

கையெல்லாம் கிரீஸோடு மெக்கானிக் திரும்பி வந்தபோது தம்பி மேசையையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"என்னடா, யாரு ஜெயிச்சது?"

தம்பி, விழுந்த வீரர்களை ஒவ்வொருவராகப் பொறுக்கி மறுபடி வரிசையில் நிறுத்தத் தொடங்கினார். "அண்ணன் கிடக்கட்டும். நீங்க உக்காருங்க அண்ணி. இன்னொரு ஆட்டம்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். லிப்டில் இருந்த மூவரையும் எப்படிப் பத்திரமாக இறக்கினேன் என்று மெக்கானிக் விரிவாகச் சொல்ல ஆரம்பித்தார். யாரும் காதில் வாங்கவில்லை.