ஏஸும் எட்டும்

டயர்க்கடையின் பின்னறையில் சீட்டாடும் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் பெரிய போக்கர் போட்டியில் அந்தக் கூட்டத்துக்கென்று ஒரே ஒரு இடம்தான் கிடைக்கும். போனவன் தோற்றுத் திரும்பி வந்தால் யாரும் திட்ட மாட்டார்கள். அவனை வெளியே அனுப்பிய கடைசி ஆட்டத்தைச் சொல்லச் சொல்வார்கள். கையில் என்ன சீட்டு, பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் சிப்ஸ் வில்லை எவ்வளவு, தனக்குப் பின்னால் ஆட இன்னும் எத்தனை பேர், எல்லாம் சொல்லலாம். எதிராளி எதைக் காட்டி அடித்தான், நடுவில் என்ன விழுந்தது என்பதை மட்டும் சொல்லக் கூடாது. சீட்டு விழுவது யார் கையிலும் இல்லை, எடுத்த முடிவு மட்டும்தான் நம்முடையது என்பது அவர்கள் கட்சி. முடிவு சரி என்று தீர்ப்பானால் அடுத்த வருஷமும் அவனே போகலாம். தப்பு என்றால் இடம் வரிசையில் அடுத்த ஆளுக்கு.

தீர்ப்பு சொல்வது ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஜட்ஜ் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவன் சொந்தப் பெயரே கூட்டத்துக்கு மறந்துவிட்டது. கம்ப்ரெஸர் சத்தம் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்துக் கேட்பான், ஒரே வார்த்தையில் சொல்வான். இத்தனை வருஷத்தில் அவன் தீர்ப்பை எதிர்த்து ஒருத்தன் வாய் திறந்ததில்லை.

அந்த வருஷம் போய்த் தோற்று வந்தது அவனுடைய தம்பி. ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்பு பார்க்கிறவன். வரிசையில் அடுத்த ஆள் யார் என்றால், சாட்சாத் ஜட்ஜேதான். இதில் இருக்கிற கோளாறு ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. அவர்கள் கவலையே வேறு.

"பாருப்பா, தம்பியாச்சேன்னு விட்டுக்குடுத்துடாதே," என்றார் டயர்க்கடைக்காரர். "உள்ளதைச் சொல்லு."

தம்பி நாற்காலி நுனியில் உட்கார்ந்து சொன்னான். "எனக்கு முன்னாடி இருந்தவங்க எல்லாரும் சீட்டைக் கீழே போட்டுட்டாங்க. பின்னாடி ரெண்டே பேர், கட்டாயப் பந்தயம் வெச்சவங்க. எங்கிட்ட அந்தப் பந்தயத்தைப் போலப் பத்து மடங்கு சிப்ஸ். கையில ஏஸும் எட்டும். ஆல்-இன் போட்டேன்."

இருக்கிற சிப்ஸ் மொத்தத்தையும் நடுவில் தள்ளிவிடுவதுதான் ஆல்-இன். தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

ஜட்ஜ் தலையைச் சாய்த்தான். யோசிக்க அதில் என்ன இருக்கிறது? ஒவ்வொரு ஆட்டத்திலும் முறைவைத்து இரண்டு பேர் சீட்டைப் பார்க்கும் முன்பே வைத்தாக வேண்டிய கட்டாயப் பந்தயம் ஏறிக்கொண்டே போகும், சும்மா உட்கார்ந்திருப்பவனைச் சுற்றுக்குச் சுற்று அரித்துத் தின்றுவிடும். பின்னால் இருப்பதோ இரண்டே பேர். பெரும்பாலும் அவர்கள் பயந்து ஒதுங்கிவிடுவார்கள், ஒதுங்காவிட்டாலும் கையில் இருப்பது எல்லாவற்றிலும் பெரிய சீட்டான ஏஸ். இந்தச் சீட்டுக்கு ஆல்-இன் போடாதவன் சீட்டைத் தொடவே கூடாது. தம்பி செய்தது சுத்தமான வேலை.

ஆனால் மற்றவன் ஆடிய ஆட்டத்தையே எத்தனை காலம் மென்றுகொண்டிருப்பது? போனவனுக்கெல்லாம் 'சரி' 'சரி' என்று நியாயம் பேசிப் பேசியே தன் வாயில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டவன் அவன். ஒருமுறைகூட அந்தப் போட்டி மேஜையில் அவன் உட்கார்ந்ததில்லை.

"அவசரப்பட்டுட்டே," என்றான். "எட்டு சின்னச் சீட்டு. கையில பத்து மடங்கு இருக்கறப்போ இன்னும் ஒரு சுத்து பொறுத்திருக்கணும். தப்பு."

பின்னறையில் ஆரவாரம் பிய்த்துக்கொண்டு போனது. "பாத்தீங்களா! சொந்தத் தம்பின்னுகூடப் பாக்கலையே!" என்று டயர்க்கடைக்காரர் அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். "இவன் ஜட்ஜ் இல்லேன்னா வேற எவன்டா ஜட்ஜ்?"

தம்பி முகத்தில் ஈயாடவில்லை. "நெஜமாவாண்ணா?"

"ஆமாடா."

சண்டை போட்டிருந்தால் தேவலை. பாவிப்பயல், அப்படியே நம்பிவிட்டான்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்ததுமே கேட்டாள். "உங்க தம்பி சாப்பிடாமயே மாடிக்குப் போயிடுச்சு. அப்படி என்னதான் தப்பு பண்ணிச்சு?"

"அந்த ஆட்டமெல்லாம் உனக்குப் புரியாது."

"ஆட்டம் புரியாதுதான். உங்களைப் புரியும்," என்று சொல்லிவிட்டு அவள் தட்டை நகர்த்தி வைத்தாள்.

அதற்குப் பிறகு பின்னறையில் தம்பி ஆடியதை ஆட்டம் என்று சொல்ல முடியாது. ராஜா ராணி வந்தாலும் அண்ணன் முகத்தைப் பார்ப்பான், "இதுக்குப் பொறுக்கலாம் இல்லண்ணா?" என்பான், கீழே போட்டுவிடுவான். கூட்டம் அவனுக்குத் 'தவசி' என்று பட்டம் கட்டிச் சிரித்தது. அதோடு விட்டதா? தொழிற்சாலையில் அவனை மேற்பார்வையாளராகப் போடுகிறோம், நாளைக்குள் பதில் சொல் என்றார்கள். யோசிக்கணும் என்று சொல்லிவிட்டு வந்தான். அந்த வேலை இன்னொருத்தனுக்குப் போய்விட்டது.

"ஏன்டா, பைத்தியமா உனக்கு?" என்று ஜட்ஜ் கத்தினான்.

"நான் அவசரப்படற ஆளுண்ணா. நீயே சொன்னியே."

அன்றைக்காவது சொல்லித் தொலைத்திருக்கலாம். வாய்வரை வந்தது. போட்டி முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விழுங்கிவிட்டான். மனுஷனுக்கு ஆசை வந்தால் நாக்கு இப்படித்தான் பிரயோஜனமில்லாமல் போய்விடும்.

போட்டி ஒரு ஹோட்டலின் பெரிய ஹாலில் நடந்தது. தரை முழுக்கக் கம்பளம், மேஜை மேஜையாகப் பச்சைத் துணி, தலைக்கு மேல் ஒரு ஏசி முனகிக்கொண்டிருந்தது. கேஸ் குறைவு என்று அவன் காது சொல்லிற்று. பார்க்க வந்தவர்களுக்குக் கயிறு கட்டியிருந்தார்கள். அவன் நாற்காலிக்கு நேர் பின்னால், கயிற்றை ஒட்டித் தம்பி நின்றான்.

"நீ எதுக்குடா வேலையைக் கெடுத்துக்கிட்டு வந்தே?"

"பொறுத்து ஆடறது எப்படின்னு பக்கத்துல நின்னு பாக்கணும்ணா."

ஜட்ஜ் திரும்பிக்கொண்டான்.

சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் ஆடினான். காலையில் வந்தவர்களில் பாதிப்பேர் வாலைச் சுருட்டிக்கொண்டு போன பிறகும் அவன் நாற்காலி சூடாகவே இருந்தது. ஆனால் சீட்டு வறண்டது, கட்டாயப் பந்தயம் ஏறியது, சிப்ஸ் கரைந்தது. கடைசியில் எண்ணிப் பார்த்தால் பந்தயத்தைப் போலப் பத்து மடங்கு. முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சீட்டைக் கீழே போட்டார்கள். பின்னால் இரண்டே பேர். சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான். ஏஸும் ஐந்தும். தம்பியின் கை இதைவிட நல்ல கை.

 கீழே போட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது, கயிற்றருகே நிற்கும் தம்பி தலையாட்டி மனதில் எழுதிக்கொள்வான், பொய் பொய்யாகவே பத்திரமாக இருக்கும். ஆனால் கீழே போடுவது தப்பு. வடிகட்டின தப்பு. அது அவனுக்குத் தெரிந்த அளவு அந்த ஹாலில் வேறு யாருக்கும் தெரியாது. இரண்டு பேரும் ஒதுங்கிவிட்டால் சீட்டைக் காட்டவே வேண்டாமே என்று ஒரு நப்பாசை.

"ஆல்-இன்," என்றான். சிப்ஸைத் தள்ளினான்.

அந்த இரண்டு பேரில் கறுப்புக் கண்ணாடிக்காரன் ஒதுங்கினான். நரைத்த தலை அம்மாள் ஒதுங்கவில்லை, "வரேன்" என்று தன் சிப்ஸை வைத்தாள். ஒருத்தர் ஆல்-இன் போட்டு இன்னொருத்தர் ஈடு கொடுத்தால் இரண்டு பேரும் சீட்டைத் திருப்பி வைத்தே ஆக வேண்டும், அது போட்டியின் சட்டம். அந்த அம்மாள் ராஜாவையும் ராணியையும் திருப்பினாள். அவன் ஏஸையும் ஐந்தையும் திருப்பினான். இனி இரண்டு பேருக்கும் பொதுவாக நடுவில் ஐந்து சீட்டு விழ வேண்டியதுதான் பாக்கி.

"ஏஸும் அஞ்சும்," என்றது பின்னாலிருந்து குரல், மெதுவாக, ஒவ்வொன்றாக. "பத்து மடங்கு. பின்னாடி ரெண்டு பேர்."

பையின் ஜிப்பை இழுத்து மூடும் சத்தம் கேட்டது.

"சரியான முடிவுண்ணா."

ஜட்ஜ் திரும்பிப் பார்த்தான். தம்பி பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது.

"டேய், எங்கடா போறே? இன்னும் சீட்டே விழலையே!"

"விழறதைப் பாக்கற வழக்கம் நமக்குக் கிடையாதே."

அண்ணா என்ற வார்த்தை அதில் இல்லை. கம்பளத்தில் காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை, கதவு மட்டும் ஒருமுறை ஆடி நின்றது.

நடுவில் ஐந்து சீட்டும் விழுந்தன. ராஜாவும் வரவில்லை, ராணியும் வரவில்லை, அவன் ஏஸே ஜெயித்தது. பக்கத்தில் இருந்தவன் கையைக் குலுக்கினான், அந்த அம்மாள் நன்றாக ஆடினீர்கள் என்றாள், சிப்ஸ் மொத்தமும் அவன் பக்கம் வந்து குவிந்தது. அவன் அதை அடுக்கக்கூட இல்லை. அதற்குள் அடுத்த சீட்டு இரண்டும் அவன் முன்னால் வந்து விழுந்தன.

"உங்க முறை சார்," என்றாள் சீட்டு போடுகிற பெண்.