ராத்தாவுக்கு இரண்டு பொத்தான்

கெலிஓயாவில் எங்கள் வீட்டைத் தெரியாதவர்கள் குறைவு. எங்கள் வீடு என்று வாயில் வந்துவிட்டது. வீடு என் கூடப்பிறந்த ராத்தாவுடையது. கைரியா ராத்தா என்னைவிட ஐந்து வயது மூத்தவர். என் மனிதர் மவுத்தாகி, நான் விதவையான பிறகு நான் அங்கே போய் ஒட்டிக்கொண்டவள். பதினொரு வருடம் ஆகிறது. வத்தேகமவில் என் மகள் ஸனாவுக்கும் வீடு இருக்கிறது. பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் படுக்க ஹாலில் ஒரு சோபா செட்டியும் இருக்கிறது. மருமகன் நல்ல மனிதர்தான். நான் வாயைத் திறந்தால் டீவியின் சத்தத்தைக் கூட்டுவார், அவ்வளவுதான்.

போன வருடம் ராத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் போயிற்று. பேச்சும் போயிற்று. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, எதைக் கேட்டாலும் ஒரே மாதிரி ஆடும். இடது கையும் பலம் குறைந்து தூக்க முடியாது, ஆனால் விரல்கள் அழுத்தி அமத்தும். காதும் புத்தியும் முன்பு போலவேதான் இருக்கின்றன, நீங்கள் பேசுவது எல்லாம் விளங்கும் என்று டாக்டர் சொன்னார். எனக்கு அதுவே பெரிய சந்தோஷம். கேட்க ஒரு ஆள் இருந்தால் எனக்கு வேறு என்ன வேண்டும்?

எட்டு மாதம் ராத்தாவுக்காக நானே பேசினேன். வாசல் கேட்டடியில் யாராவது நின்று சுகம் விசாரித்தால் விறாந்தையிலிருந்தே பதில் சொல்வேன்.

"அல்ஹம்துலில்லாஹ், இண்டைக்குப் பரவால்ல. மூணு நாளைக்குப் பொறகு நேத்துத்தான் வயிறு போன. பெட்சீட் எல்லாம் கழுவி, ராத்தாவத் தூக்கி வெச்சி, என்ட இடுப்பு போயிட்டு."

ராத்தாவின் கட்டில் ஜன்னலோரத்தில்தான். ஜன்னலுக்கும் கேட்டுக்கும் நாலு எட்டுத் தூரம்தான்.

ராத்தாவின் ஒரே மகன் ஸிபான் தெஹிவளையில் இருக்கிறான். கம்பியூட்டர் வேலை. மாதம் ஒரு தடவை மனைவி ஷஹ்மாவோடு வருவான். ஏப்ரல் மாதம் வந்தபோது, கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தான்.

"சாச்சி, உம்மாவ நான் கூட்டிப் போகப் போறன். உங்களுக்கும் வயசு போகுது. இனி உங்களுக்குப் பாக்க ஏலா."

"உம்மாக்கு விருப்பம் இல்லயே மகன்."

"உம்மா சென்னாங்களா?"

"கைய அமத்தினா. ஒரு தரம் அமத்தினா ஓம், ரெண்டு தரம் அமத்தினா இல்ல. நான் பழக்கி ஈக்கிறன்."

"அது நீங்க நெனக்கிற சாச்சி. நான் கையப் புடிச்சா ஒண்ணும் வெளங்கிறதில்ல."

"அப்ப நான் பொய் செல்றனா?"

"பொய் இல்ல சாச்சி. நீங்க ஆசப்படுற மாதிரி உங்களுக்கு வெளங்குது."

ராத்தா போனால் வீட்டுக்குப் பூட்டு விழும். அவன் அதைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. எனக்கு வத்தேகம செட்டியும் டீவிச் சத்தமும் கண்ணுக்குள் வந்துவிட்டன.

"உம்மாவே வேணாம் எண்டா விட்டுட்டுப் போவியா?" என்றேன்.

"உம்மாவே சென்னா, வல்லாஹி, சத்தியமா நான் திரும்பக் கேக்க மாட்டன்."

அப்போதுதான் பையிலிருந்து அந்தச் சாமானை எடுத்தான். கைக்குள் அடங்குகிற கம்பியூட்டர். நடுவில் திரை, இரண்டு பக்கமும் பொத்தான்கள், மேல் விளிம்பில் விரல் வைக்கிற இடத்திலும் பொத்தான்கள். பார்த்தால் பிள்ளைகள் விளையாடுகிற சாமான் மாதிரி. உள்ளே ஓடுகிற மென்பொருள் லினக்ஸ் என்றான். மவுஸ் கிடையாது, அதன் கிளிக் இரண்டும் வலது கைப் பக்கத்துப் பொத்தான்களில் இருந்தன.

"இடது கைப் பக்கம் மாத்தினா உம்மாக்கு அமத்த ஏலும். ஒரு பைல்ல எழுதணும். எனக்குத்தான் நேரம் கெடைக்கிறதில்ல."

"வெச்சிட்டுப் போ. நான் எழுதுறன்."

ஷஹ்மா சிரித்துவிட்டாள். "சாச்சி, இது டைப்ரைட்டர் இல்ல!"

நான் கண்டியில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் இருபத்தாறு வருடம் டைப் அடித்தவள். முதலில் மெஷினில், பிறகு கம்பியூட்டரில். அவளுக்கு அது எங்கே தெரியப்போகிறது.

அடுத்த நாளே ராத்தாவைப் பார்த்துக்கொள்ள முன்வீட்டு றம்லத்திடம் சொல்லிவிட்டு, பஸ் ஏறி ஸ்ரீதரனிடம் போனேன். எங்கள் கந்தோர்க் கம்பியூட்டர்களைத் திருத்தியவர். இப்போது கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் கடை வைத்திருக்கிறார். சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா, கேம் ஆடப் போறீங்களா?"

"ஓம், கிரிக்கட். நீங்க பந்து போடுங்க, நான் அடிக்கிறன். பொத்தான் மாத்துறது எப்பிடி எண்டு செல்லித் தாங்க."

விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"ஒவ்வொரு பொத்தானுக்கும் உள்ளுக்கு ஒரு நம்பர் இருக்குங்க. அமுக்குனா மெஷினுக்குத் தெரியிறது அந்த நம்பர் மட்டுந்தான். இடது கை மேல் பொத்தான் 310. அதுக்குப் பின்னால உள்ளது 312. மவுஸ்ல லெப்ட் கிளிக் 272, ரைட் கிளிக் 273. 310 வந்தா 272ன்னு எடுத்துக்க, 312 வந்தா 273ன்னு எடுத்துக்கன்னு பைல்ல எழுதணும். அவ்வளவுதான்."

"அது கேக்குமா?"

"மறு கேள்வி கேக்காதும்மா. நீங்க எழுதுனத அப்படியே நம்பும்."

பள்ளிவாசல் கலண்டரின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்தேன். மூன்று கிழமை அதோடு மாரடித்தேன். முதல் நாள் எழுதினேன், வேலை செய்தது. அணைத்துப் போட்டால் எல்லாம் மறந்துபோயிற்று. ஒவ்வொரு தடவையும் தானாகத் தொடங்க வேறொரு வரி எழுத வேண்டுமாம். எழுதினேன். பிறகு ரைட் கிளிக் அமத்தினால் ஏதோ ஒரு பட்டியல் வந்து திரையில் நின்றது. ஸ்ரீதரன் ஒரு பக்கம் செய்து அனுப்பினார். வெள்ளைத் திரை, லெப்ட் கிளிக் வந்தால் திரை முழுக்கப் பச்சையாகி 'ஆமா' என்று வரும், ரைட் கிளிக் வந்தால் சிவப்பாகி 'இல்ல' என்று வரும். அந்தப் பட்டியலும் வராது. 'ஆமா'வை 'ஓம்' ஆக்கச் சொல்லி மறுபடியும் போன் எடுத்தேன். எங்கள் ராத்தா ஆமா சொல்கிற ஆளா?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தலையணையைச் சின்னதாக மடித்து, அதன்மேல் சாமானை வைத்து, ராத்தாவின் விரலொன்றை முன் பொத்தானிலும் மற்றதைப் பின் பொத்தானிலும் வைத்தேன்.

"ராத்தா, முன்னுக்கு அமத்தினா ஓம். பின்னுக்கு அமத்தினா இல்ல. வெளங்கினா?"

ராத்தாவின் விரல் மெல்ல வளைந்தது. பிறகு திரை பச்சையாயிற்று. ஓம்.

நான் அழுதுவிட்டேன். எட்டு மாதத்துக்குப் பிறகு ராத்தா பேசிய பேச்சு அது.

"பிளேன்டி வேணுமா?"

ஓம்.

ஓடிப்போய் வெறும் தேத்தண்ணீர் ஊற்றிக் கட்டிலடிக்குக் கொண்டுவந்தேன். சீனி போடக் கரண்டியை எடுத்தபோது, சும்மா ஒரு விளையாட்டுக்குக் கேட்டேன்.

"சீனி போடவா?"

இல்ல.

"சீனி இல்லாமலா? எட்டு மாசமா ரெண்டு கரண்டி போட்டுத்தானே ராத்தா தாரன்!"

இல்ல.

சிரித்தேன். சிரித்துக்கொண்டே மற்றதையும் கேட்டேன். காலையில் ரேடியோ போடுவது பிடிக்குமா? இல்ல. அந்த நீலப் போர்வை? இல்ல. ஜன்னலைத் திறந்து வைப்பது, வருகிறவர்கள் ராத்தாவைப் பார்க்கட்டும் என்று? இல்ல. சிவப்பு, சிவப்பு, சிவப்பு. தேத்தண்ணீர் ஆறிப்போயிற்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்காது.

"ஸிபான் உங்களத் தெஹிவளைக்குக் கூட்டிப் போகப் போறானாம். அங்க போக விருப்பமா ராத்தா?"

ஓம்.

நான் எழுந்து சாமானைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எங்கோ இலக்கம் பிழையாகிவிட்டது, இரண்டும் மாறிப்போய்விட்டன என்றுதான் நினைத்தேன். பைலைத் திறந்து கலண்டரோடு வைத்துப் பார்த்தேன். 310க்கு 272. 312க்கு 273. மறுபடியும் விரலுக்கடியில் வைத்தேன்.

"உங்கட பேர் கைரியாவா?"

ஓம்.

"நீங்க ஆம்பிளயா?"

இல்ல. ராத்தாவின் வாயோரம் கொஞ்சம் கோணியது. சிரிப்பாகவும் இருக்கலாம்.

"என்னோட இங்கயே ஈக்க விருப்பமா?"

ராத்தா என்னைப் பார்த்தார். கண்ணை எடுக்காமலே பின் பொத்தானை அமத்தினார். இல்ல.

"நான் என்ன குற வெச்சன்? கழுவல்லயா, தூக்கல்லயா? தின்னக் குடுக்கல்லயா? நான் வாரவங்களோட கதைக்கிற கதையா? அதா?"

கேட்டடியில் யாரோ ஸலாம் சொல்லிக்கொண்டு போனார்கள். நான் பதில் சொல்லவில்லை.

"வயிறு போன கத, கழுவின கத எல்லாம் நான் செல்றது. அதா ராத்தா?"

ஓம்.

அந்த மே மாதம் வெசாக் லீவுக்கு ஸிபானும் ஷஹ்மாவும் வந்தார்கள். நான் சாமானைக் காட்டியதும் அவன் பைலைத் திறந்து பார்த்து, "சாச்சி, இது நீங்களா எழுதின? என்ட ஒபிஸ்ல ஈக்கிறவனுகளுக்கு வந்து படிச்சுக் குடுங்க" என்றான். பிறகு உம்மாவின் விரல்களைத் தானே எடுத்து வைத்தான்.

"உம்மா, நான் ஸிபானா?"

ஓம்.

"இண்டைக்கு நோன்புப் பெருநாளா?"

இல்ல.

அவன் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு எழுந்து மூக்கைத் துடைத்தான்.

"லுஹர் தொழுதுட்டு வந்து மத்தத உம்மாக்கிட்ட கேக்கிறன். எல்லாருக்கும் முன்னால."

அவன் பள்ளிவாசலுக்குப் போனான். ஷஹ்மா சோற்றுக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். ராத்தா கண்ணை மூடிக் கிடந்தார். நான் சாமானை எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போனேன். கலண்டர் தேவைப்படவில்லை. எனக்கு மனப்பாடம். 310க்கு 273 என்று அடித்தேன். 312க்கு 272 என்று அடித்தேன். இரண்டு இலக்கம். இருபத்தாறு வருடத்தில் எத்தனை காணி உறுதிகளை அடித்திருக்கிறேன், ஒரு எழுத்துப் பிழை போனதில்லை. அப்போதும் போகவில்லை. அணைத்துப் போட்டு மறுபடியும் ஏற்றினேன். கொண்டுவந்து விரலுக்கடியில் வைத்தபோது ராத்தா கண்ணைத் திறந்தார்.

சாப்பாடு முடிந்ததும் ஸிபான் கட்டிலில் உட்கார்ந்தான். ஷஹ்மா கால்மாட்டில் நின்றாள்.

"உம்மா. எங்களோட தெஹிவளைக்கு வர விருப்பமா?"

ராத்தா முன் பொத்தானை அமத்தினார். விரல் நகம் வெளுக்க அமத்தினார்.

திரை சிவப்பாயிற்று. இல்ல.

ராத்தா திரையைப் பார்த்தார். மறுபடியும் அமத்தினார். இல்ல. மறுபடியும். இல்ல. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்து காதுக்குள் போயிற்று. விடாமல் அமத்திக்கொண்டே இருந்தார், திரை சிவந்து சிவந்து அடங்கியது.

"போதும் உம்மா, போதும்," என்று ஸிபான் அந்தக் கையைப் பிடித்தான். "வெளங்கிட்டு. அழ வேணாம். நான் கட்டாயப்படுத்த மாட்டன்."

"பின்ன மாமிட வீட்ட விட்டு மாமி எங்க வார?" என்றாள் ஷஹ்மா. அவளுடைய குரலில் இருந்த நிம்மதியை நான் கேட்டேன். அவளுக்கும் வேண்டாம் போலிருக்கிறது. அவளையும் நான் என் பக்கம் சேர்த்துக்கொண்டேன்.

"இன்னொருக்கா நல்லா யோசிச்சுக் கேளு மகன்," என்றேன் நான். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. நல்ல பெயரும் வேண்டுமாக்கும்.

"எத்தின தரம் சாச்சி கேக்கிற? மெஷின் பொய் செல்லாதே." அவன் எழுந்து வந்து என் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டான். "நீங்க சென்னதத்தான் உம்மாவும் செல்றாங்க. நான்தான் நம்பல்ல. மன்னிச்சுக்கோங்க."

ராத்தா அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பொத்தான் தேவைப்படவில்லை.

அவர்களுடைய வான் வண்டி கம்பளை ரோட்டில் திரும்பியதும் நான் வந்து இலக்கங்களைப் பழையபடி மாற்றினேன். 310க்கு 272. 312க்கு 273. விரல்களை எடுத்து வைத்தேன்.

"ராத்தா, இப்ப சரி. பாருங்க. பிளேன்டி வேணுமா?"

ஒன்றும் இல்லை.

"சீனி இல்லாம தாரன். ரேடியோவும் போட மாட்டன். ஜன்னலும் சாத்திட்டன். வேணுமா?"

வெள்ளைத் திரை. என் கையை அவருடைய உள்ளங்கைக்குள் வைத்துப் பார்த்தேன், முன்பு போல் ஒரு தரம் அமத்தட்டும் என்று. விரல்கள் விறகு மாதிரிக் கிடந்தன.

அது நடந்து ஆறு மாதம். நான் தினமும் காலையில் சாமானைச் சார்ஜ் போட்டு, தலையணையை மடித்து, விரல்களை வைக்கிறேன். நான் கதவடிக்குப் போகுமுன் அவை பொத்தானை விட்டு இறங்கியிருக்கும். அவ்வளவுக்கு ராத்தாவுக்குப் பலம் இருக்கிறது. ஸிபான் வந்து வைத்தாலும் அப்படித்தான், ராத்தா அந்த மெஷினை இனி நம்புவதில்லை போலும். அவன் போனில் கேட்டால், "உம்மா களச்சிப் போயிட்டா மகன், மெஷின் வேணாமாம்" என்கிறேன். நான் சொன்னால் இப்போது அவன் நம்புகிறான்.

கேட்டடிக்குப் போவதையும் குறைத்துவிட்டேன். ஆனாலும் போன கிழமை முன்வீட்டு றம்லத் விடவில்லை.

"மகன் கூப்பிட்டும் போகல்லயாமே? தங்கச்சி மேல அவ்வளவு பாசமா?"

"அவவே செல்லிட்டா," என்றேன். "எல்லாருக்கும் முன்னால."

ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. ஆனால் நாலு எட்டுத்தானே, கண்ணாடிக்குள்ளாலும் ராத்தாவுக்குக் கேட்டிருக்கும்.