கணுக்காலில் ஒரு தட்டு

சுத்தியல் அம்மாவிடம் போனால் முதல் தட்டு காலுக்குத்தான். தோள் வலி என்று போனாலும் சரி, கழுத்து பிடித்துக்கொண்டது என்று போனாலும் சரி, நாற்காலியில் மண்டியிட வைத்துப் பாதத்தைத் தொங்கவிடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே ரப்பர் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு. வாங்கிய பட்டமெல்லாம் சுவரில் தொங்குகிறது. பிசியோதெரபிஸ்ட் என்று வாசலில் பலகையும் இருக்கிறது. இருந்தும் வருகிறவர்களுக்கு அவர் சுத்தியல் அம்மாதான்.

லேத் பட்டறைக்காரருக்கு அன்று காலையிலிருந்தே எரிச்சல். மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவள் பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் பதினான்கு வருடமாக மிஷின் மிதிக்கிறவள். எட்டு மாதமாக வலது கை தோளுக்கு மேலே எழும்ப மாட்டேன் என்கிறது. முதலில் பார்த்த இடத்தில், விரல்களைச் சுவரில் மேலே மேலே நகர்த்தி ஏற்றும் பயிற்சி சொன்னார்கள். தினம் மூன்று வேளை செய்து ஒரு தாளில் டிக் போடவேண்டும். ஆறு வாரம் ஆயிற்று. தாள் நிரம்பியது, கை ஏறவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் மிஷினை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

பட்டறைக்காரரை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. இந்த எட்டு மாதமும் சமையலும் அவர்தான், துணி துவைத்ததும் அவர்தான். ஆனால் வாய் இருக்கிறதே, அதற்குப் பூட்டே கிடையாது. உட்கார்ந்த இடத்தில் தூங்குகிறாள், ஒரு சுற்று பெருத்துவிட்டாள், கொளுத்துகிற வெயிலில் ஸ்வெட்டர் கேட்கிறாள். உடம்பு வணங்கவில்லை, வேறென்ன என்று அவர் எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டார். அதை அவள் முகத்துக்கு நேராகவே தினமும் வாசித்தும் காட்டினார்.

சுத்தியல் அம்மா தாளை வாங்கிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திருப்பியும் பார்த்தார்.

"இதை யாரு போட்டது? ஆறு வாரமும் ஒரே பேனா, ஒரே சாய்வு. ஒரே மூச்சுல உக்காந்து போட்ட மாதிரி இருக்கே."

பட்டறைக்காரருக்குக் காது சூடாகிவிட்டது. "நான்தான் மேடம். நேத்து ராத்திரி போட்டேன். வெறும் தாளோட வந்தா மரியாதையா இருக்காதேன்னு. இவ எங்க செய்யறா? நான் ஒருநாள்கூடப் பாத்ததில்ல. சோம்பேறித்தனத்துக்கு ஏதாவது வைத்தியம் இருந்தா குடுங்க."

சுத்தியல் அம்மா சிரிக்கவில்லை. மனைவியைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா."

"செய்யறேங்க. தையல் கூடத்துலதான், மூணு இடைவேளையிலயும். வீட்ல செஞ்சா முனகுவேன், அதுக்கும் பேச்சு வாங்கணும்."

பொய் என்று நினைத்துப் போட்ட டிக் அத்தனையும் உண்மையாகிவிட்டால் மனிதன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பான்? பட்டறைக்காரர் மேஜை விளிம்பைப் பார்த்தார். அவள் குரல் கட்டையாக, ஜலதோஷம் பிடித்ததுபோல் இருந்தது.

"குரல் எப்பவும் இப்படியா?" என்று கேட்டார் சுத்தியல் அம்மா.

"இல்லங்க. இப்ப போன் எடுத்தா 'வீட்ல அம்மா இல்லீங்களா சார்'னு கேக்கறாங்க."

அந்த அம்மா பார்க்கிற அழகே அழகு. அவசரம் என்பதே இல்லை. புருவத்தின் வெளி ஓரம் கொட்டிப்போயிருப்பதைப் பார்த்தார், கண்ணுக்குக் கீழே வீங்கியிருப்பதைப் பார்த்தார், முழங்கையைத் தடவி அதன் வறட்சியைப் பார்த்தார். தூக்கம், மலச்சிக்கல், மாதவிலக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தோளுக்கு வந்த இடத்தில் இதெல்லாம் எதற்கு என்று பட்டறைக்காரருக்கு வாய்வரை வந்தது; அன்றைக்கென்று அதிசயமாக விழுங்கிக்கொண்டார்.

பிறகு நாற்காலி வந்தது. "முதல்ல நீங்க ஏறுங்க," என்றார் பட்டறைக்காரரிடம்.

"நானா? எனக்கு ஒண்ணும் இல்லையே."

"அதனாலதான் ஏறச் சொல்றேன்."

மண்டியிட்டார். தட்டினதும் பாதம் வெடுக்கென்று பின்னால் உதைத்து, அதே வேகத்தில் பழைய இடத்துக்கு வந்தது. அடுத்து மனைவி. அவள் பாதமும் உதைத்தது. ஆனால் திரும்பி வரவேண்டுமே, தூக்கத்தில் புரண்டு படுக்கிறவர் மாதிரி மெல்ல, மெல்ல வந்தது. சுத்தியல் அம்மா மறுபடி தட்டினார். மறுபடியும் அப்படியே.

"பாத்தீங்களா? இதை யாரும் நடிக்க முடியாது. நீங்க நாள் பூரா முயற்சி பண்ணாலும் உங்க பாதத்தை இப்படித் திரும்ப வைக்க முடியாது. இது இவங்க மனசு சொல்லி நடக்கறது இல்ல."

பட்டறைக்காரர் அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருடமாக இரும்பின் சத்தத்தை வைத்தே எங்கே தேய்மானம் என்று சொல்கிறவர். பக்கத்தில் படுத்திருந்தவளிடம் மட்டும் ஒன்றுமே கேட்காமல் போயிற்று.

"நோய்க்குப் பேர் வைக்கறது என் வேலை இல்ல," என்றார் சுத்தியல் அம்மா, கடிதம் எழுதிக்கொண்டே. "ஆனா கழுத்துல இருக்கற தைராய்டு சுரப்பி மந்தமானா தோள்கூட இப்படி இறுகலாம். இன்னிக்கே டாக்டரைப் பாத்து ரத்தம் குடுங்க. தோளை நான் விட மாட்டேன், அடுத்த வாரமும் வரணும். மேலாளருக்கும் ஒரு கடிதம் தரேன்."

எட்டு மாதத்தில் யாருக்கும் தெரியாததை அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விட்டார் அந்த மகராசி.

மூன்றாம் நாள் டாக்டர் ரிப்போர்ட்டைப் பிரித்தார். தைராய்டு கிட்டத்தட்ட வேலையே செய்யவில்லை என்றார். தினமும் வெறும் வயிற்றில் மாத்திரை. சில மாதங்களில் அசதி போகும், குரலும் தெளியும், தோளுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும் என்றார். எல்லாவற்றையும் அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

"வேற ஏதாவது கேக்கணுமாம்மா?"

அவள் சற்று யோசித்தாள். கணவர் பக்கம் திரும்பவில்லை. டாக்டரைத்தான் கேட்டாள்.

"அப்ப, நான் வேணும்னு பண்ணலையா டாக்டர்?"

டாக்டருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. புரிந்தவர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். தினமும் சொல்லிச் சொல்லி, அவளையே அதை நம்ப வைத்துவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இல்லம்மா," என்றார். "நீ வேணும்னு பண்ணல. நான்தான் பண்ணிட்டேன்."