மண்டலின் வாசித்தவர்

எழுபத்தெட்டு வயதிலும் கதிரையில் சாய்ந்து உட்காராத மனிதர் முள்ளியவளை யோகலிங்கம். மனைவி போய் ஆறு வருடம். பிள்ளைகள் இருவரும் கனடாவில். அவரிடம் மிச்சமிருந்த பெருமை ஒன்றுதான். எழுபதுகளில் இலங்கை முழுக்க முணுமுணுத்த ஒரு பொப் பாட்டில், பல்லவிக்கு முன்னால் துள்ளி வரும் மண்டலின், கொழும்பில் கிளார்க்காக இருந்த அவருடைய அண்ணர் மகாலிங்கம் வாசித்தது. இசைத்தட்டில் பாடகரின் பெயர் மட்டும் இருந்தது. வாத்தியக்காரரின் பெயரை அந்தக் காலத்தில் யார் போட்டார்கள்?

இப்போது போடப் போகிறார்கள். பழைய பாட்டுகளைத் திரும்ப வெளியிடும் கொழும்புச் சுகந்தினி, ஒவ்வொரு பாட்டிலும் யார் யார் வாசித்தது என்று ஒரு சிறு புத்தகமும் சேர்த்து அச்சிடுகிறாள். மகாலிங்கத்துக்கு அவளிடம் இருந்த ஒரே சான்று, தொண்ணூற்றுமூன்றில் அவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் குடும்பம் அச்சடித்துக் கொடுத்த கல்வெட்டு என்னும் நினைவுப் புத்தகம். கடதாசிக்கும் தடையிருந்த போர்க்காலம், கோடு போட்ட கொப்பித்தாளில் அடித்தது. வீட்டிலிருந்த பிரதிகள் இடப்பெயர்வில் போய்விட்டன. வெளிநாட்டில் யாரோ காத்து வைத்திருந்த ஒன்றை இணையத்தில் ஏற்றியிருந்தார்கள்.

ஒரு காலையில் சுகந்தினி நேரிலேயே வந்தாள். கூடவே ஐம்பது தாண்டிய ஒரு பெண்.

"ஐயா, இவா மீனம்மா. வவுனியாவில இருந்து வாறா. அந்த மண்டலினைத் தன்ர அப்பா பழனியாண்டிதான் வாசிச்சவர் எண்டு சொல்லுறா. ரெண்டு பேரையும் நேரில வைச்சுக் கேப்பம் எண்டு கூட்டிக்கொண்டு வந்தனான்."

யோகலிங்கத்தின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. "எங்கட அண்ணரின்ர பேர் அச்சில கிடக்கு, பிள்ளை. வாயால ஆரும் எதையும் சொல்லலாம்."

"எங்ககிட்ட அச்சு இல்லீங்கய்யா" என்றாள் மீனம்மா. "அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தேயிலைத் தோட்டத்துல இருந்து கொழும்புக்குப் போயி ஓட்டல்ல மேசை துடைச்சாரு. அங்கதான் மண்டலின் பழகினாரு. எழுபத்தேழு கலவரத்துல அடிச்சு விரட்டினப்போ மண்டலினத் தூக்கிட்டு ஓடினாரு, சின்னப் புள்ள என்னையத் தூக்க மறந்துட்டாருன்னு அம்மா சாகிற வரைக்கும் திட்டுவாங்க."

சுகந்தினி சிரித்துவிட்டாள். யோகலிங்கம் சிரிக்கவில்லை.

"பாட்டுப் பதிஞ்ச அண்டைக்கு எங்கட அண்ணரும் அங்க நிண்டவர். அதை உங்கட அப்பா சொல்லேல்லையோ?"

"சொல்லுவாருங்க. கண்ணாடி போட்ட யாழ்ப்பாணத்துக் கிளார்க் ஐயா ஒருத்தர் இருந்தாருன்னு. அப்பாவோட மண்டலின்ல தந்தி அறுந்துபோயி, அவரோடத வாங்கி வாசிச்சாராம். குடிக்காதப்போ அப்படிச் சொல்லுவாரு. குடிச்சா, அந்த ஐயாவே வாசிச்சாரும்பாரு. எது நெசமோ!" அவள் சுகந்தினியின் பக்கம் திரும்பினாள். "ரெண்டு பேரு பேரையும் போட்டுருங்கம்மா. ஐயாவும் பாவம், தனியாக் கிடக்காரு."

பாவம் என்ற சொல் யோகலிங்கத்தின் நெஞ்சில் தைத்தது. அவருடைய குடும்பத்துக்கு இரக்கப்பட்டு எவரும் எதையும் கொடுத்ததில்லை. அப்படிக் கொடுத்தாலும் அவர்கள் வாங்கியதில்லை.

"பிள்ளை, கல்வெட்டில அந்த வரியை எழுதினது நான்" என்றார். "அண்ணர் கலியாணம் முடிக்கேல்லை. வீடு வளவு இல்லை. அவரின்ர சீவியத்தைப் பற்றி எழுதி முடிச்சால் அரைப்பக்கம் வெறுமையாக் கிடந்தது. அச்சுக்கூடக்காரன் இன்னும் ஏதும் இருக்கோ எண்டு கேட்டான். அண்ணர் எனக்குச் சொன்னது, அந்தப் பாட்டுப் பதிஞ்ச அண்டைக்குத் தானும் நிண்டது எண்டு மட்டும். வாசிச்சவர் எண்டு போட்டது என்ர கை."

"நீங்கள் அவரைக் கேக்கேல்லையோ, ஐயா?"

"எப்பிடிக் கேக்கிறது? எண்பத்துமூண்டு கலவரத்தில அடிபட்டு அவர் ஊருக்கு வந்த உடன எங்களைப் பெத்த அப்பு அந்த மண்டலினை வாங்கிக் கூரை வளையில ஏத்திப்போட்டார். கூத்தாடுற சாமான் வீட்டுக்குள்ள வேண்டாம் எண்டு. பிறகு அந்தக் கதையை எடுக்கிறது இந்த வீட்டில மரியாதை இல்லை."

சுகந்தினி பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாள். "அப்ப என்ன போட?"

"தெரியாததை எங்கட பேரில அச்சடிக்க வேண்டாம். ஒருக்கா அடிச்சது போதும். இவாவின்ர தகப்பன்ர பேரைப் போடுங்கோ. எங்கட பக்கத்தால மறுப்பு இல்லை."

"ஒரு கேள்விக்குறியோடதான் போடலாம், ஐயா."

"இருக்கட்டும்மா" என்றாள் மீனம்மா. "எங்கப்பா பேருக்குப் பின்னாடி அவரு சீவியத்துல எதுவும் இருந்ததில்ல. பட்டம் மாதிரி இருந்துட்டுப் போகட்டும்." சொல்லிவிட்டு, சிரித்த வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். கண்கள் நனைந்திருந்தன.

படலை வரை போய் அவர்களை வழியனுப்பினார் யோகலிங்கம். வவுனியாப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வரச்சொன்னாள் மீனம்மா. "பாப்பம்" என்றார். ஆட்டோ திரும்பி மறைந்த பிறகுதான், தூர இடத்திலிருந்து வந்தவர்களுக்குத் தேத்தண்ணிகூடக் கொடுக்காமல் அனுப்பியது உறைத்தது. அந்த வீட்டு வாசலில் அப்படி ஒன்று நடந்ததில்லை.

அண்ணரும் அவரும் பத்து வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். மாரி, விதைப்பு, தண்ணீர் முறை, அப்புவின் மூச்சிழுக்கும் தொய்வு என்று எல்லாம் பேசினார்கள். ஒரு நாள் சோற்றைப் பிசைந்தபடி, அண்டைக்கு நீங்கள் வாசிச்சனீங்களோ என்று கேட்டிருந்தால், அண்ணர் ஓம் என்றிருப்பார். அல்லது இல்லை என்றிருப்பார்.

உள்ளே போய்க் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.